போனைப் பிடுங்குவதற்கு முன்னால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போன் பற்றியவைதான். பாலக்கோடு பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பிள்ளைகளோடு இருந்து தெரிந்துகொண்டதையும், கேட்டு விசாரித்ததையும் எழுதுகிறேன். ஒரு கடிதத்தை மட்டும் வரிசை மாற்றி முதலில் வைக்கிறேன். அந்தத் தம்பிக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அவனைப் போல இன்னும் யாராவது வெளியே சொல்லாமல் தவித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் இருந்த கணக்கோடு பத்து நாள் பேசினேன். போட்டோ கேட்டதும் அனுப்பிவிட்டேன். இப்போது 5,000 ரூபாய் தராவிட்டால் என் நண்பர்கள் எல்லோருக்கும் அதை அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள். அப்பா மாங்காய் மண்டியில் வேலை செய்கிறார். தெரிந்தால் கொன்றேபோடுவார்.
*பிளஸ் 1 மாணவன், கிருஷ்ணகிரி மாவட்டம்*

தம்பி, பணம் கொடுக்காதே. கொடுத்தால் அதோடு நிற்காது, அடுத்த நாளே இன்னும் கேட்பார்கள். இதையே தொழிலாகச் செய்கிற கும்பல்கள் இருக்கின்றன. உன்னைப் போலப் பல பையன்களிடம் ஒரே நேரத்தில் இதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பயத்தில் அந்த சாட் பேச்சை அழித்துவிடாதே, அதுதான் சாட்சி. அந்தக் கணக்கின் பெயர், மிரட்டிய செய்தி, பணம் அனுப்பச் சொன்ன யுபிஐ எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு. அப்புறம் அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்துவிட்டு பிளாக் செய். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு போன் பண்ணலாம். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் பரவாமல் தடுக்க உதவுகிறார்கள். படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. கைரேகை மாதிரி அந்தப் படத்துக்கு ஓர் அடையாள எண் உன் போனிலேயே உருவாகும், அது மட்டும்தான் போகும்.

சின்னப் பையனின் அப்படிப்பட்ட படத்தை வைத்து மிரட்டுவது போக்சோ சட்டத்தில் வருகிற குற்றம். குற்றம் செய்தவன் அவன், நீ இல்லை. இன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு. அப்பாவிடம் நேராகச் சொல்லப் பயமாக இருந்தால் அம்மா, மாமா, வகுப்பு டீச்சர், யாராவது ஒருவர். ராத்திரி மனசு ரொம்பக் கனத்தால் மனநல உதவி எண் 14416-ஐ அழைத்துப் பேசு, தமிழிலேயே பேசுவார்கள்.

இதைப் படிக்கிற அப்பாமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகன் இப்படி வந்து நின்றால், "சரி, நான் பார்த்துக்கிறேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். திட்டுவதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது.

மகள் பத்தாம் வகுப்பு. எங்களுக்குத் தெரியாமல் இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருந்தாள். அவள் அப்பா போனைத் துவைக்கிற கல்லில் அடித்து உடைத்துவிட்டார். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் "தை பிறந்ததும் மாமன் மகனுக்கே முடித்துவிடலாம்" என்கிறார். என்ன செய்வது, டீச்சர்?
*பெயர் வேண்டாம், காரிமங்கலம்*

அம்மா, உங்கள் மாமியார் சொன்ன வரியைப் படித்ததும் எனக்குப் பழைய வகுப்பறை ஒன்று கண்ணில் வந்து நின்றது.

2017 என்று நினைவு. டேட்டா மலிவாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையிலிருந்து போன் விழுந்தது. நான் எடுத்து, பூட்டு இல்லாததால் உள்ளே இருந்ததைப் படித்தேன். பக்கத்து வகுப்புப் பையனோடு பேச்சு. சாப்பிட்டியா, நாளைக்கு டெஸ்ட் இருக்கா, ரெண்டு ரோஜாப்பூ. அவ்வளவுதான் இருந்தது. நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவை வரவழைத்து, அவள் எதிரிலேயே போனைக் கொடுத்தேன். கடமையைச் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். முழுப் பரீட்சைக்கு முன்னால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது பெஞ்சில் அவள் உட்காரும் இடத்தில் காம்பஸ் முனையால் கீறிய ஐந்திதழ்ப் பூ ஒன்று இருந்தது. ஒரு இதழ் பாதியில் நின்றிருந்தது. அந்த வருடம் முழுக்க அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

அதனால் முதலில் கல்யாணப் பேச்சை நிறுத்துங்கள். பெண்ணுக்கு 18 ஆகாமல் கல்யாணம் செய்தால், 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி ஏற்பாடு செய்தவர்களுக்கு 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாமியாரிடம் இதைச் சத்தம் போடாமல் எடுத்துச் சொல்லுங்கள். கேட்காமல் மேற்கொண்டு ஏற்பாடு நடந்தால் நீங்களே 1098-க்குச் சொல்லலாம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு இப்படித்தான் நின்றது. அந்தக் காலத்தில் காரணம் வேறாக இருந்தது, இப்போது போன் மேல் பழி.

அடுத்தது மகள். இரண்டு நாளைக்குப் போன் பேச்சையே எடுக்காதீர்கள். பூ கட்டும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் உட்கார வையுங்கள். சாப்பிட ஆரம்பித்த பிறகு, "எனக்கு அதெல்லாம் தெரியலை, என் போன்ல கொஞ்சம் காட்டிக் கொடு" என்று கேளுங்கள். கணக்கு உடைந்த போனில் இல்லை. உங்கள் போனிலேயே திறந்து காட்டுவாள். அவள் காட்டும்போது முகம் சுளிக்காதீர்கள். "இவன் யாரு?" என்று பாயாதீர்கள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முடிவு செய்கிற நேரம் அதுதான்.

அங்கே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பிள்ளைகள் கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு 15 வயது. உண்மையான வயது கொடுத்தால் இன்ஸ்டாகிராம் அதை 'டீன் அக்கவுண்ட்' ஆக வைக்கிறது. 2025-இலிருந்து நம் நாட்டிலும் இது இருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 60 நிமிடம் ஆனால் போதும் என்று நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிபிகேஷன் சத்தம் இருக்காது. 16 வயதுக்குள் இதைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பொய் வயது கொடுத்த கணக்கில் இந்தக் காவல் எதுவும் கிடைக்காமல் போகலாம். அதனால் வயதைத் திருத்தச் சொல்லுங்கள். பள்ளிச் சீருடை, பேட்ஜ், வீட்டு வாசல், பஸ் ஸ்டாப் தெரிகிற படங்களை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ராத்திரி வீட்டில் எல்லாப் போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அவள் அப்பாவின் போனும்தான். அவர் பாயில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளினால் மகளிடம் எந்தச் சட்டமும் செல்லாது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, ரீல்ஸுக்குக் கிடையாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரியவர்களே அதில் மாட்டிக்கொள்ளும்போது 15 வயதுப் பிள்ளையை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

பேரனுக்கு ஆறாம் வகுப்பு, 11 வயது. மகளும் மருமகனும் ஓசூரில் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருகிறார்கள். போன் இல்லாமல் அவன் சோற்றில் கை வைப்பதில்லை. பிடுங்கினால் "அம்மாகிட்ட சொல்றேன்" என்கிறான்.
*தாத்தா, பென்னாகரம்*

ஐயா, அந்தப் பிள்ளைக்கு அம்மா போனுக்குள்ளேதான் இருக்கிறாள். அதை மறக்காமல் இருந்தால் கோபம் பாதி குறையும். மகளிடம் ஒரு நேரம் பேசி வையுங்கள், ஷிஃப்ட் முடிந்து எட்டரைக்கோ ஒன்பதுக்கோ வீடியோ காலில் வரட்டும். அந்த நேரம் அவனுக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற நேரம் போன் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டு நேரத்துக்கு என் அனுபவம் ஒன்று. களி கிண்டும்போது அவனையே துடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். உருண்டையை அவனே பிடிக்கட்டும், நடுவில் குழி போட்டுக் குழம்பு ஊற்றட்டும். சூடான களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்குகிறவனுக்கு இரண்டு கையும் கண்ணும் தட்டில் இருந்தாக வேண்டும். முதல் நாலு நாள் அழுவான், அது வரைக்கும் நீங்கள் தாங்க வேண்டும். யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை நிறுத்திவிடுங்கள். அவன் பெயரில் எந்தக் கணக்கும் இப்போது வேண்டாம், இன்ஸ்டாகிராமிலேயே குறைந்த வயது 13 தான்.

என் மஞ்சள் நீராட்டு விழா வீடியோவை அப்பா பாட்டுப் போட்டு ரீல்ஸில் விட்டுவிட்டார். பப்ளிக்கில் இருக்கிறது. கிளாஸில் பையன்கள் அந்தப் பாட்டைப் பாடிக் கிண்டல் செய்கிறார்கள். எடுக்கச் சொன்னால், "ஊரே கூடின விசேஷம்தானே, இதில் என்ன?" என்கிறார்.
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, போச்சம்பள்ளி*

பாப்பா, நீ கேட்டது சரி. இந்தப் பக்கத்தை மடித்து அப்பா பார்க்கிற இடத்தில் வை. மீதியை நான் அவரிடம் சொல்கிறேன்.

ஐயா, மகள் மேல் இருக்கிற ஆசையில்தான் போட்டீர்கள், எனக்குத் தெரியும். விசேஷத்துக்கு வந்தவர்கள் உங்கள் சொந்தபந்தம். சாப்பிட்டு, மொய் எழுதி, வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த வீடியோவைப் பார்க்கிறவர்கள் யார் யார் என்று உங்களால் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே மகளைத் தனியாக விட்டுவிட்டு வருவீர்களா? அந்தப் பிள்ளை தினமும் காலையில் அந்தப் பாட்டைக் கேட்கப் போகிறோம் என்று தெரிந்தே பள்ளிக்குக் கிளம்புகிறாள். இன்றைக்கே அழித்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தால் அங்கேயும் அழிக்கச் சொல்லுங்கள். வீடியோ உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும், பெரியவள் ஆனதும் அவளே கேட்டு வாங்கிப் பார்ப்பாள். அழித்ததும் அவளைக் கூப்பிட்டு, "எடுத்துட்டேன் கண்ணு, இனிமே உன்னைக் கேட்காம போட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள்.