காலநிலை மாற்றம் தரும் மன உளைச்சலை எப்படி அளக்கிறார்கள்?

பெரும்பாலும் கேள்வித்தாள் மூலம்தான். 2020இல் உளவியலாளர்கள் சூசன் கிளேட்டனும் பிரயன் கராஜியாவும் வெளியிட்ட அளவுகோலில் 13 கூற்றுகள் உண்டு. காலநிலையை நினைத்துத் தூக்கம் கெடுகிறதா, கவனம் சிதறுகிறதா, வேலையோ படிப்போ தடைபடுகிறதா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள்.

இங்கே ஒரு வேறுபாடு மிக முக்கியம். கவலைப்படுவது வேறு, அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையை முடக்குவது வேறு. 2021இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், 59% பேர் மிகுந்த கவலையில் இருப்பதாகச் சொன்னார்கள். அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படுகிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்து பேசுவது தவறு.

அதே ஆண்டு வந்த ஹாக் அளவுகோல் என்ற இன்னொரு கேள்வித்தாள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. 'என்னாலும் பூமி கெடுகிறதே' என்ற பதற்றத்தையும் அது தனியாக அளக்கிறது. எனக்கு இது பிடித்த அம்சம்.

அதிக மதிப்பெண் வந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை. ஆபத்து உண்மையானது, அதற்குப் பயப்படுவது இயல்பு. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலை ஓடவில்லை என்றால் தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.