40 விழுக்காடு அடைப்பு: என்சைம் பரிசோதனை தேவையா?

கேள்வி: வயது 54, சிங்கப்பூரின் ஈசூன்வாசி. சிடி ஆஞ்சியோகிராமில் ஓர் இதயத் தமனியில் 40 விழுக்காடு அடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வேண்டாம், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை போதும் என்கிறார் மருத்துவர். கொழுப்புப் படிவை வெடிக்கச் செய்யும் என்சைமை ரத்தத்தில் அளந்து பார்க்கச் சொல்கிறான் மகன். செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் மகன் படித்தது தவறில்லை.

மாரடைப்பு வருமா என்பதை அடைப்பின் அளவு மட்டும் முடிவுசெய்வதில்லை. படிவின் உள்ளே கொழுப்பும் இறந்த செல்களும் கிடக்கின்றன. மேலே கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆன ஓர் உறை. அது கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தக்கட்டி உருவாகிக் குழாயை மொத்தமாக அடைத்துவிடலாம். வெடித்த படிவுகளை ஆராய்ந்தபோது, உறை பெரும்பாலும் 65 மைக்ரானுக்கும் மெலிந்திருந்தது. ஒரு தலைமுடியின் பருமன்தான்!

உறையை மெலிய வைப்பவைதான் அந்த என்சைம்கள். கெட்ட கொழுப்பை விழுங்கிப் பருத்த மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள், மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்னும் என்சைம்களைச் சுரக்கின்றன. அவை கொலாஜனை வெட்டுகின்றன. புதுக் கொலாஜன் தரவேண்டிய மென்தசைச் செல்களும் அழற்சியால் முடங்கிப்போகின்றன.

ரத்தத்தில் இவற்றை அளக்கலாம்தான். ஆனால் புண் ஆறும்போதும் மூட்டழற்சியிலும் இதே என்சைம்கள் கூடும். எங்கிருந்து வந்தது என்று அந்த எண் சொல்லாது. எல்பி-பிஎல்ஏ2 என்ற வேறொரு என்சைமைத் தடுக்க டாராபிளாடிப் என்ற மருந்தே வந்தது. 15,000க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2014இல் வந்த முடிவில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு குறிப்பிடும்படி குறையவில்லை.

ஸ்டேட்டின் அப்படியல்ல. ரத்தத்தில் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு இறங்கினால் மேக்ரோஃபேஜுக்குத் தீனி குறைகிறது, அழற்சி தணிகிறது, உறை தடிக்கிறது. ஸ்டென்ட் ஓரிடத்தைத்தான் விரிக்கும். மாத்திரை எல்லாத் தமனிகளுக்கும் போய்ச் சேரும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களுக்கு மாரடைப்பு விகிதம் அதிகம் என்பதால், இதில் அசட்டை வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கான எல்டிஎல் இலக்கு எவ்வளவு என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதே தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று: ஸ்டேட்டின் தொடங்கியபின், இதயத் தமனிகளில் படிந்த கால்சியத்தைக் காட்டும் கால்சியம் ஸ்கோர் சற்று ஏறலாம். படிவு கெட்டிப்படுவதாலும் அப்படி ஆகும். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் மருந்தகம் திறக்கட்டும் என்று காத்திராமல் உடனே 995ஐ அழையுங்கள்.