நான்கு சப்பாத்தியா, ஒரு கிண்ணம் சோறா?

மாவுச்சத்து பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பல வருடங்களாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். நம் சிங்கப்பூர் வீடுகளில் சோற்றின் மேல் இருக்கும் பயத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அக்கா, சோறும் சீனியும் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா? (ஈசூன்)

ஒரே குடும்பம்தான், அதன் பெயர்தான் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்). சீனி, மாவுப்பொருள், நார்ச்சத்து எல்லாம் அதில் அடக்கம். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்று பாருங்கள், மெல்ல இனிக்கும். குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான சங்கிலிதான் மாவுப்பொருள். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி அதை அறுக்க ஆரம்பித்துவிடும். நார்ச்சத்தை மட்டும் நம் உடலால் அப்படி அறுக்க முடியாது. அதனால் அது சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேராது.

எடை குறைக்கச் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் 2 கிலோ குறைந்தது. ஆனால் தலைவலி. (ஜூரோங்)

தம்பி, அந்த 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரையும்போது அந்த நீரும் வெளியேறிவிடும், கூடவே உப்பும். தலைவலிக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். மூளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். அடியோடு நிறுத்தாமல் அளவைப் பாதியாக்குங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படி நிறுத்தவே கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

இரவில் சோற்றுக்குப் பதிலாக 4 சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும்தான் சாப்பிடுகிறேன். சர்க்கரை குறையவே இல்லையே? (தேக்கா)

அம்மா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 200 கிராம் பிடிக்கும் ஒரு கிண்ணம் என்றால் 56. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவு என்று வைத்தால், ஒன்றில் 20 கிராம் மாவுச்சத்து, நான்கில் 80. அதன்மேல் உருளைக்கிழங்கு, அதுவும் மாவுச்சத்துதான்! நீங்கள் விட்ட சோற்றைவிட அதிகமாகச் சாப்பிடுகிறீர்கள். கோதுமையில் நார் கொஞ்சம் கூடுதல், சரி. ஆனால் அளவு இவ்வளவு கூடினால் அந்த நார் என்ன செய்யும்?

சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீன், பருப்பு, முட்டை. நம் வாழை இலையில் நடுவில் சோற்று மலை, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அதை மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டு சப்பாத்தி, கீரைக் கூட்டு, மீன் என்று ஆரம்பியுங்கள். காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

கேழ்வரகு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. 100 கிராம் மாவில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். நாரும் கால்சியமும் உண்டு, நல்லதுதான். ஆனால் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்துவிடும்.

காப்பிக்கடையில் எதைக் கேட்பது? (உட்லண்ட்ஸ்)

சாதாரணக் கோப்பியில் ஊற்றும் இனிப்புப் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. பால் வேண்டுமா, ‘கோப்பி சி கோசோங்’ கேளுங்கள். உடனே முடியாவிட்டால் ‘சியூ தாய்’ என்று சீனியைக் குறைத்துக் கேட்டுப் பழகுங்கள். 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும், ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முறை வந்துவிட்டது. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’, அதாவது கடைசித் தரம்.

பழைய சோற்றில் சர்க்கரை குறைவாமே? (பிடோக்)

சோறு ஆறும்போது மாவுப்பொருளின் ஒரு பகுதி இறுகி, எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. உண்மைதான், ஆனால் லாபம் சிறியது. அதை நம்பி இரண்டு கிண்ணம் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்புறம், நம் ஊர் வெக்கையில் சோற்றை மேசையில் விட்டுவிடாமல், சூடு தணிந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.