கண்ணாடி மங்குது, கூலிங் வரல: கார் ஏசி, ஹீட்டர் கேள்வி பதில்

கேள்வி: மழையில ஓட்டும்போது முன் கண்ணாடி உள்பக்கம் மூடிக்குது சார். மைலேஜ் போகும்னு ஏசி போடுறதில்லை, துணியால துடைச்சே ஓட்டுறேன்.

பதில்: ஏசி போடுங்கள். ஈரத்தை எடுப்பதே அதுதான். காற்றிலுள்ள ஈரம் ஏசியின் குளிர்ந்த பாகமான எவாப்பரேட்டரில் தண்ணீராகி வண்டிக்கு அடியில் சொட்டிவிடும், உள்ளே காய்ந்த காற்று வரும். முதலில் உள்காற்று பட்டனை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நாலு பேர் மூச்சும் நனைந்த குடையின் ஈரமும் உள்ளேயே சுற்றும். பிறகு ஏசி ஆன், வளைந்த கண்ணாடியும் மேல்நோக்கிய மூன்று அம்பும் போட்ட பட்டன், ப்ளோயர் 3 அல்லது 4, டெம்பரேச்சர் சிவப்புப் பக்கம். சில நிமிடத்தில் தெளிந்துவிடும். பல வண்டிகளில் அந்தக் கண்ணாடிப் பட்டனை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும். கையால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மங்கும்.

கேள்வி: சென்னையில ராத்திரி எனக்கு நேர்மாறு. கண்ணாடிக்கு ஏசி காத்து விட்டா இன்னும் மங்குது.

பதில்: வைப்பர் ஒரு தட்டு தட்டியதும் தெளிகிறதா? அப்படியானால் மங்கல் வெளிப்பக்கம். ஏசி கண்ணாடியைக் குளிர வைக்கிறது, வெளியே இருக்கும் புழுக்கக் காற்றின் ஈரம் அதில் படிகிறது. காற்றை முகத்துக்குத் திருப்பி, டெம்பரேச்சரை 25-க்கு ஏற்றுங்கள். பக்கக் கண்ணாடியும் மங்கினால் ஓரத்து வென்டை உள்பக்கமாகத் திருப்புங்கள்.

கேள்வி: ஊட்டியில காலையில ஹீட்டர் போட்டா ஜில்லுன்னு காத்து வருது அண்ணா.

பதில்: பெட்ரோல், டீசல் கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றி வரும் திரவமான கூலன்ட்டின் சூடுதான் ஹீட்டருக்கும். எஞ்சின் சூடாகும் வரை குளிர்காற்றுதான் வரும். டேஷ்போர்டில் நீல விளக்கு அணையும் வரை, டெம்பரேச்சர் முள் இருந்தால் அது ஏறும் வரை, ப்ளோயரைக் குறைத்து வையுங்கள்.

10 கிலோமீட்டர் ஓடியும் முள் ஏறவில்லையா? கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். முள் சரியாக நின்றும் காற்று குளிர்ந்தால் கூலன்ட் குறைவு, லைனில் காற்று, ஹீட்டர் கோர் (காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) அடைப்பு, அல்லது சூடும் குளிரும் கலக்கும் உள் கதவு நகராதது. கூலன்ட் மூடியை எஞ்சின் ஆறியபின் மட்டுமே திறங்கள்.

இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுக்கு, முன் சீட்டுக் காலடியில் ஈரம் மூன்றும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது, ஒத்திப்போடாதீர்கள். நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஏசி வடிகுழாய் அடைப்பு, அது சின்ன வேலை.

கேள்வி: கூலிங் குறைஞ்சிருக்கு. கேஸ் போடணும்னு சொல்றாங்க.

பதில்: பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை கேஸ். ஓரிரு வருடத்தில் கூலிங் போகும் அளவுக்குக் குறைந்தால் எங்கோ கசிவு. அதைக் கண்டுபிடிக்காமல் போட்டால் மறுபடியும் போட வேண்டிவரும். அதற்கு முன் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள், பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ப்ளோயர் முழு வேகத்திலும் காற்று மெலிதாக வந்தால் சந்தேகம் அதன்மேல்தான். ஹைவேயில் குளிர்ந்து சிக்னலில் நின்றதும் குறைந்தால் ஏசியின் சூட்டை வெளியே விடும் கன்டென்சரின் ஃபேனைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேஸ்தான் என்று முடிவானால், பானட்டுக்குள் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடைபார்த்து ஏற்றும் கடைக்குப் போங்கள். அளவுக்கு மேல் போனாலும் கூலிங் குறையும்.

கேள்வி: வெயில்ல நின்ன வண்டியில ஏறினதும் உள்காத்தா, வெளிக்காத்தா?

பதில்: கண்ணாடிகளை இறக்கி வெளிக்காற்றில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள், அனல் வெளியேறட்டும். பிறகு ஏற்றிவிட்டு உள்காற்று.

கேள்வி: பின் கண்ணாடியில இருக்கிற கோடு எதுக்கு?

பதில்: சூடாகி மங்கலை நீக்கும் டிஃபாகர் கம்பி. செவ்வகத்துக்குள் மூன்று அம்பு போட்ட பட்டன் அதற்கானது. பேட்டரியை நிறைய இழுக்கும் என்பதால் பல வண்டிகளில் 10, 15 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். பிளேடால் ஸ்டிக்கர் சுரண்டினால் கம்பி அறுந்து, அந்த ஒரு வரி மட்டும் தெளியாமல் நிற்கும்.