வாசகர் கேள்வி – பதில்: மதிப்பெண் போடும் இயந்திரம், முடிவெடுக்கும் அதிகாரி

கேள்வி: கடன் விண்ணப்பங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு மதிப்பெண் தருகிறது, இறுதி முடிவு அதிகாரியுடையது. இருவரும் சேர்ந்தால் முடிவு மேம்படும்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நம்பினார்கள். 106 சோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான ஆய்வு அதை மறுக்கிறது. மனிதர், இயந்திரம் இரண்டில் தனியாக எது சிறந்ததோ, அதைவிடக் கூட்டணி சராசரியாகப் பின்தங்கியது. மனிதரே இயந்திரத்தை மிஞ்சிய பணிகளில்தான் சேர்க்கை பலன் தந்தது.

மதிப்பெண்ணை முதலில் பார்த்துவிட்டால் மனம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே திரையில் அதை மறைத்து வையுங்கள். அதிகாரி தன் முடிவையும் ஒருவரிக் காரணத்தையும் பதிந்த பிறகே காட்டுங்கள். மாற்றினால் இரண்டு முடிவுகளும் பதிவில் இருக்கட்டும். தவணைகள் வரத் தொடங்கியதும், இயந்திரத்தை மீறிய முடிவுகளில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணுங்கள். இந்தக் கணக்கை வைத்திருக்கும் நிறுவனங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

ஒரு சிக்கல்: நிராகரிக்கப்பட்டவர் கடனைக் கட்டியிருப்பாரா என்பது தெரியவே வராது. எல்லைக்கோட்டில் நிற்கும் விண்ணப்பங்களில் சிறு பங்கைக் குலுக்கல் முறையில் அனுமதித்தால்தான் தெரியும். நட்ட வரம்பை முன்பே குறித்துவிடுங்கள்.

கேள்வி: துல்லியம் அதிகமான கணிப்பு மாதிரியையே வாங்கலாமா?

பதில்: எதைக் கணிப்பதில் துல்லியம் என்று கேளுங்கள். அமெரிக்க மருத்துவத் துறையில் ஒரு கருவி நோயின் தீவிரத்துக்குப் பதில் செலவைக் கணித்தது. அதே அளவு நோய் இருந்தும் செலவு குறைவாக இருந்த கறுப்பின நோயாளிகளை அது பின்தள்ளியதை 2019 ஆய்வு காட்டியது.