சோதனைத்தாள் காட்டுவது ரத்தத்தை அல்ல

கேள்வி: எனக்கு வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதங்களாக மூட்டு வலியும் புளித்த ஏப்பமும் இருக்கின்றன. ரத்தத்தில் அமிலம் கூடியதுதான் காரணம் என்று ஒரு காணொளியில் பார்த்து, பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை நிறுத்திவிட்டேன். காலையில் எலுமிச்சைச் சாற்றில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து குடிக்கிறேன். சிறுநீரில் நனைக்கும் சோதனைத்தாள் இப்போது மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கிறது. சிறுநீரகம் பலவீனமாக உள்ள என் மாமியாருக்கும் தினமும் இளநீரும் கீரைச்சாறும் கொடுக்கிறேன். காரத்தன்மை நீர் தரும் இயந்திரம் வாங்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இயந்திரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன் நீங்கள் இன்றே செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

முதலாவது, மாமியாருக்குக் கொடுக்கும் இளநீரையும் கீரைச்சாற்றையும் அவருடைய மருத்துவரைக் கேட்கும் வரை நிறுத்திவிடுங்கள். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. ஒரு பெரிய இளநீரிலேயே அது 500 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நல்ல சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரில் கழித்துவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் அது இயலாதபோது பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, பல வேளைகளில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இதயத்துடிப்பையே குலைத்துவிடும். அவர் டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் அந்த வகை மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. தாமதிக்காமல் அவருடைய ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவுகளைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் அன்போடு செய்வதை நான் குறை சொல்லவில்லை. ஆரோக்கியமானவருக்கு நல்லதாக இருக்கும் ஒன்று அவருக்கு ஆகாமல் போகலாம் என்பதற்காகவே இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரண்டாவது, ஆப்ப சோடா. ஒரு டீஸ்பூன் சோடாவில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே சோடியம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, வெறும் வயிற்றில் இந்த அளவு சோடியத்தைக் குடித்தால், ரத்த அழுத்த மாத்திரை தன் வேலையை எப்படிச் செய்யும்?

இனி, ரத்தம் அமிலமாகிவிட்டது என்ற பேச்சுக்கு வருவோம். அமில, கார நிலையை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். அதில் நம் ரத்தம் 7.35க்கும் 7.45க்கும் இடையில், அதாவது இயல்பிலேயே சற்றுக் காரமாக, நிலைத்து நிற்கிறது. ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் என்னும் காரப்பொருள் உடனுக்குடன் அமிலத்தை ஏற்றுக்கொள்கிறது. ரத்தத்தில் அமிலத்தை உண்டாக்கும் கரியமில வாயுவை நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளியேற்றுகிறது. எஞ்சிய அமிலத்தைச் சிறுநீரகங்கள் கழித்துவிட்டு, செலவான பைகார்பனேட்டை மீண்டும் உண்டாக்கித் தருகின்றன. இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கும்வரை மீன் குழம்பு சாப்பிட்டதால் ரத்தம் அமிலமாவதும் இல்லை, கீரை சாப்பிட்டதால் அது கூடுதல் காரமாவதும் இல்லை. ரத்தம் மெய்யாகவே அமிலமாவது கட்டுப்பாடு இழந்த நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, கடும் நோய்த்தொற்று போன்ற நிலைகளில்தான். அதற்கு இடம் மருத்துவமனையே தவிர சமையலறை அல்ல. ரத்தம் காரமாவதும் நலத்தின் அடையாளம் அல்ல. மனப்பதற்றத்தில் வேகவேகமாக மூச்சுவிடுபவருக்கு உதட்டைச் சுற்றிலும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் மரத்து, கைவிரல்கள் குவிந்து இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தம் காரமாகிவிட்டதன் விளைவு அது.

அப்படியானால் உங்கள் சோதனைத்தாள் ஏன் பச்சையாயிற்று, அதாவது சிறுநீர் ஏன் காரத்தின் பக்கம் நகர்ந்தது? 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோத் பெர்னார் இதே மாற்றத்தை முயல்களிடம் கண்டார். தழை தின்னும் முயலின் சிறுநீர் கலங்கலாகவும் காரமாகவும் இருப்பதே இயல்பு. ஆனால் சந்தையிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்த முயல்களின் சிறுநீர் தெளிவாகவும் அமிலமாகவும் இருந்தது. அவை நெடுநேரம் பட்டினி கிடந்து தங்கள் உடலின் தசையையே கரைத்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். புல்லைக் கொடுத்ததும் சிறுநீர் காரமாயிற்று, வேகவைத்த மாட்டிறைச்சியைக் கொடுத்ததும் மீண்டும் அமிலமாயிற்று. உணவைப் பொறுத்து மாறுவது சிறுநீர்தான், அதுவும் ரத்தம் மாறாமல் இருப்பதற்காகவே மாறுகிறது. உங்கள் தாள் பச்சையானதற்குப் பொருள், நீங்கள் குடித்த சோடாவைச் சிறுநீரகம் கடமை தவறாமல் வெளியே தள்ளுகிறது என்பதே. 

உணவுக்கும் அமிலத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இறைச்சி, மீன், முட்டை, தானியங்கள் ஆகியவற்றின் புரதத்தில் உள்ள கந்தகம் உடலில் கந்தக அமிலமாக முடிகிறது. காய்கறி, பழங்களில் உள்ள சிட்ரேட் முதலான உப்புகள் பைகார்பனேட்டாக முடிகின்றன. நாக்குக்குப் புளிக்கும் எலுமிச்சை சிறுநீரின் அமிலத்தைக் குறைப்பது இதனால்தான். எந்த உணவு சிறுநீரகத்துக்கு எவ்வளவு அமிலச் சுமை தரும் என்பதை ரெமர், மான்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1995-இல் பட்டியலிட்டார்கள். அதில் பாலும் தயிரும் ஏறக்குறைய நடுநிலையில் இருக்கின்றன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். யூரிக் அமிலக் கற்கள் உள்ளவர்களுக்குச் சிறுநீரைக் காரமாக்குவது முறையான சிகிச்சை. நாள்பட்ட சிறுநீரக நோயில் அமிலம் தேங்கும்போதும் மருத்துவர்கள் அதற்கு மருந்து தருகிறார்கள். இவை பரிசோதித்து, அளவு பார்த்துச் செய்பவை.

எனக்குப் பெரிய கவலை நீங்கள் தட்டிலிருந்து எடுத்துவிட்டவற்றைப் பற்றியது. உணவின் அமிலம் எலும்பை அரிக்கும் என்ற கருத்தைக் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2009-லும் 2011-லும் சீர்தூக்கிப் பார்த்து, அதற்கு ஆதாரம் இல்லை என்றே முடிவுசெய்தார்கள். ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதில் ஒரு பெண்ணுக்குப் புரதமும் கால்சியமும் குறைந்தால் தசையும் எலும்பும் தளர்வது உறுதி. பருப்பும் தயிரும் முட்டையும் மீனும் மீண்டும் உங்கள் தட்டுக்கு வரட்டும். கூடவே கீரையும் அவரைக்காயும் வாழைத்தண்டும் இப்போது சாப்பிடும் அளவிலேயே தொடரட்டும். இவற்றால் உண்டாகும் நன்மை நார்ச்சத்திலும் உயிர்ச்சத்திலும் இருக்கிறது. உங்கள் சிறுநீரகம் நன்றாக இருந்தால், அவற்றின் பொட்டாசியம் ரத்த அழுத்தத்துக்கும் உதவும். உங்களுடைய கிரியாட்டினினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புளித்த ஏப்பம் ரத்தத்தின் அமிலத்தால் வருவதன்று; இரைப்பையின் அமிலம் மேலே எதுக்களிப்பதால் வருவது. இரவு உணவை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக முடித்து, தலைப்பக்கம் கட்டிலைச் சற்று உயர்த்திப் பாருங்கள். அப்படியும் தொடர்ந்தாலோ, விழுங்கச் சிரமமோ எடைக்குறைவோ இருந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். மூட்டு வலிக்கும் அதற்கு உரிய பரிசோதனை வேண்டும். அது தேய்மானமா, வாதமா, யூரிக் அமிலமா என்று தெரியாமல் உணவை மாற்றுவதில் பயனில்லை.

உணவால் ரத்தம் அமிலமாகி நோய் வருகிறது என்ற கொள்கையைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் மருத்துவம் செய்ததற்காக 2016-இல் சான் டியேகோ மாவட்டத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. உங்கள் காணொளி நீரிழிவுக்கோ புற்றுநோய்க்கோ மருந்தை நிறுத்தச் சொன்னால், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இயந்திரம் வேண்டாம். அது தரும் நீரின் பி.எச். 9 என்றால், அது போய்ச் சேரும் இரைப்பையின் பி.எச். 2 அளவில் இருக்கிறது, பி.எச். கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வேறுபாடு. அந்த நீரின் காரம் இரைப்பையிலேயே அடங்கிவிடும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை உங்கள் இருவருடைய ரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள், மாமியாருடையதை முதலில்.