தண்ணீர் இருந்தால் போதுமா? வேற்றுலகங்கள்: கேள்வி-பதில்

'உயிர் வாழத் தகுந்த கோள் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால், அங்கே உயிர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெரும்பாலும் அந்தச் செய்திக்கு ஆதாரம் தூரக் கணக்கு ஒன்றுதான்: தரையில் நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவில் அந்தக் கோள் தன் விண்மீனைச் சுற்றுகிறது. நிலவும் சூரியனிலிருந்து பூமியின் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு குட்டைகூடக் கிடையாது. காற்று மண்டலம் உண்டா என்றே தெரியாத கோளுக்கு இப்படித் தலைப்புப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செவ்வாயில் கியூரியாசிட்டி அப்படி என்னதான் கண்டது?

2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய அந்த ஊர்தி, 2013 பிப்ரவரியில் 'ஜான் கிளைன்' என்று பெயரிட்ட பாறையைத் துளைத்தது. ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான். மேற்பரப்பு துரு நிறம். துளையிலிருந்து வந்த தூளோ சாம்பல் நிறம். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. செவ்வாயின் சிவப்பு அங்கே மேலோடு நின்றுவிட்டது. உள்ளிருந்த கனிமங்கள் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடையவில்லை. பூமியில் அத்தகைய கனிமங்களிலிருந்தே ஆற்றல் பெற்றுப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தூளில் களிமண் கனிமங்களும் கந்தகம், நைட்ரஜன், பாஸ்பரஸ், கார்பன் ஆகியவையும் இருந்தன. அமிலமோ உப்போ மிகாத ஏரி நீர் அங்கே ஒரு காலத்தில் தேங்கியிருந்தது என்பது உறுதியானது. அந்த ஏரியில் ஏதாவது வாழ்ந்ததா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

வெள்ளியில் வாய்ப்பே இல்லையா?

தரையில் இல்லை. ஈயம் உருகும் வெப்பம் அது. மேகங்களின் உயரத்தில் வெப்பம் மிதம்தான், ஆனால் அந்த மேகங்கள் கந்தக அமிலத்தால் ஆனவை.

சூரியனுக்கு அவ்வளவு தொலைவில் உள்ள நிலவுகளில் கடல் எப்படி உறையாமல் இருக்கும்?

சனியின் நிலவான என்செலடஸைப் பாருங்கள். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். அதன் பாதை சற்றே நீள்வட்டமானது. அதனால் சனியின் ஈர்ப்பு கூடிக் குறைந்து, மாவைப் பிசைவது போல அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. அந்த உராய்வு வெப்பம்தான் பனி ஓட்டுக்கு அடியில் கடலைக் காக்கிறது. தென் துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. அந்தப் பீறலில் ஹைட்ரஜன் இருப்பது 2017இலும், பனித்துகள்களில் உயிர்களுக்குத் தேவையான பாஸ்பேட் இருப்பது 2023இலும் வெளியாயின. கடலடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிகின்றன என்பதற்கு ஹைட்ரஜன் நல்ல தடயம். அடுத்த பெரிய விண்கலம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் என்செலடஸைத்தான் சொல்வேன். அங்கே துளைபோடக்கூட வேண்டாம். கடலே வெளியே வருகிறது.

கே2-18பி கோளில் உயிரின் அடையாளம் கிடைத்துவிட்டதாமே?

இல்லை. 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்தக் கோளில், பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு என்ற பொருள் இருக்கலாம் என்று 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழு அறிவித்தது. அதே தரவை அலசிய வேறு குழுக்கள் போதிய சான்று இல்லை என்றன. தவிர, 67பி வால்நட்சத்திரத்திலும் இந்தப் பொருள் காணப்பட்டிருக்கிறது. உயிர் இல்லாமலும் அது உருவாகும்.

நம் கிருமிகளை நாமே அங்கே கொண்டுபோய்விட மாட்டோமா?

மிக நியாயமான அச்சம். தரையிறங்கும் கலங்களைத் தூய அறைகளில் கட்டி, கிருமி நீக்கியே அனுப்புகிறார்கள். எரிபொருள் தீரும் தறுவாயில், 2017 செப்டம்பர் 15 அன்று காசினியைச் சனிக்குள் செலுத்தி எரித்ததும் இதற்காகத்தான். கட்டுப்பாடின்றிச் சுற்றவிட்டிருந்தால் என்றாவது ஒருநாள் அது என்செலடஸில் மோதியிருக்கக்கூடும்.